விரதம் தவிர

டீச்சர் வீட்டுக்குப் போய் நான் சாப்பிடாமல் திரும்பியதே இல்லை. டீச்சர் சாப்பிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். நேரே அங்கே போய்விடலாம். ஆனால் ஒரு பொம்பளை சாப்பிட்டாள், இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

பெயர் வேண்டாம். சொன்னால் பாதி மலாக்கா "ஓ, அவுங்களா" என்று கேட்கும், மீதிப் பாதி சொந்தம் கொண்டாடிக்கொண்டு வரும். இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கே டீச்சர் என்பதால் எனக்கும் டீச்சர். அவரிடம் நான் ஓரெழுத்துகூடப் படித்ததில்லை.

புக்கிட் பெருவாங்கில் வரிசை வீடு. கேட் சத்தம் கேட்டதுமே அடுப்பு பற்றிக்கொள்ளும். "பசியாறிட்டியாம்மா?" என்பார். ஆயிற்று என்று சொன்னாலும் தட்டு வரும், ஆகவில்லை என்றால் பெரிய தட்டாக வரும். தோசையைப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சுவெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, என் வாயையே பார்ப்பார். மலாக்கா வெயிலில் வீட்டுக்குள் சுவெட்டர் போட்டிருந்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உப்பு சரியா இருக்கிறதா, சட்னி தண்ணீராகப் போய்விட்டதா, உருளைக்கிழங்கு வெந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியூரில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் விசாரிப்பது மாதிரி இருக்கும். நீங்களே வாயில் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே டீச்சர் என்றால், "எனக்கு இன்னிக்கு விரதம்மா. நீ சாப்புடு, நான் பாத்துக்கிறேன்" என்பார்.

அவருக்கு விரதம் இல்லாத நாளைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நாளாயிற்று. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டிறைச்சி. அன்றைக்குச் சமைத்த வாசமே வயிற்றை நிரப்பிவிட்டது என்பார். புதன்கிழமைக்கு மட்டும் அவருக்குச் சாமி அகப்படவில்லை. அன்றைக்கு வாயுத் தொல்லை. இதற்கு மேல் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், ஏகாதசி என்று நாள்காட்டியில் என்னென்ன உண்டோ எல்லாம் அவருக்கு உண்டு. விரதம் முடிக்கும்போது ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். பழத்தில் பாதி வேறு யாருக்காவது போய்விடும். பெரும்பாலும் எனக்கு.

எனக்கு ஆரம்பத்தில் அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. எனக்குச் சாப்பாடு பிடிக்கும், அதை ஒளிப்பதற்கும் வழியில்லை, ஆளைப் பார்த்தாலே தெரியும். என் அம்மா ஜாசின் பாசாரில் காய்கறி வாங்கப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று முழுக்க வீட்டில் எனக்கு அர்ச்சனை நடக்கும். "அவுங்களப் பாரு, சாமி சாமின்னு எப்படி ஒடம்ப வச்சிருக்காங்க. நீ வெள்ளிக்கிழம ஒரு நாளாச்சும் இரேன்லா." இப்படிப்பட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு இன்னொரு தோசை, இன்னொரு தோசை என்று போட்டால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வரும். கோபத்திலேயே இன்னும் ஒன்று சாப்பிடுவேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கேள்வித்தாள். கோலாலம்பூரிலிருந்து ஒரு மனநல டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண்தான். தமிழ் அவருக்குக் கேட்டால் புரியும், அவர் பேசினால் நமக்குப் புரியாது. சாப்பாட்டை ஒட்டி மனதுக்கு வருகிற நோய்களைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரர்கள் செய்து வைத்த கேள்விகள் நம் பெண்களுக்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்ப்பது அவர் ஆராய்ச்சி. மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறவர்கள், அள்ளிப் போட்டுக்கொண்டு வாந்தி எடுக்கிறவர்கள், கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள், இவர்களையெல்லாம் அந்தக் கேள்விகள் பிடித்துக் கொடுத்துவிடுமாம்.

டீச்சர் அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதுவார். ஜாசினில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஸ்டெல்லா அக்கா, மூலத்தைப் பார்க்காமல், அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் நடுவில் இருக்கிற தமிழ் சரி. பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைக் காரோட்டவும், தட்டச்சு செய்யவும், ஆட்களிடம் கேள்வியை வாசித்து என்ன புரிந்தது என்று கேட்டு எழுதவும் வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற வேலை, அவளுக்கென்றே செய்து வைத்த மாதிரி என்று என் அம்மா எங்கள் குடியிருப்பில், தாமான் முழுக்க, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

டீச்சரின் தமிழ் நல்ல தமிழ். ஒரு சொல்லுக்காக அரை நாள் யோசிப்பார். அவர் எழுதியதை ஸ்டெல்லா அக்கா திருப்பினால் அநேகமாக மூலத்தில் இருந்ததே வந்து நிற்கும். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்காது. ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து விலை கூடிய கேக் வாங்கி வந்தார். டீச்சர்தான் வெட்டினார், அளந்து வைத்த மாதிரி துண்டுகள். அவர் துண்டு அவர் தட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று குளிர்பெட்டிக்குப் போயிற்று. நாங்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைத் தின்றுகொண்டு கேட்டருகே நின்றது. டாக்டர் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "டீச்சருக்கு என்ன மனசு பாருங்க" என்றார்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனோம். அந்தக் கேள்விகள் லயத்து வீட்டு வாசல்களில் பட்ட பாடு இருக்கிறதே. வயிறு தட்டையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களா என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. வயிறு ஒட்டிக் கிடந்த காலமெல்லாம் போய்விட்டது, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், இப்போது வந்து ஏன் இதைக் கேட்கிறாய் என்றார். எடை கூடிவிடுமோ என்று பயந்தீர்களா என்றால், கூடினால் என்ன பயம், இளைத்துப் போனால்தான் பார்க்கிறவர்களெல்லாம் இனிப்பு நீர் வியாதியா என்று கேட்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அடக்க முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டதுண்டா? கல்யாண வீட்டிலா, தீபாவளிக்கா, எதைக் கேட்கிறாய்? யாருக்கும் தெரியாமல் ஒளிந்து சாப்பிட்டதுண்டா? மாமியார் இருந்தவரைக்கும் அப்படித்தான். அன்றைக்கு எழுதிக்கொண்டு வந்த பதில்களை வைத்துப் பார்த்தால் அந்தத் தோட்டத்தில் நோயில்லாதவர் என்று ஓர் ஆள் தேற மாட்டார்.

டீச்சர்தான் சமாளித்தார். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கேள்வி எழுதினவருக்கு நம் வீட்டு நிலவரம் தெரியாது என்று சமாதானம் சொன்னார். சமாதானம் ஆனதும் பெரியம்மா இட்டிலி எடுத்து வைத்தார். தோட்டத்து வீட்டில் வேண்டாம் என்று சொல்வது சண்டைக்குச் சமம். டீச்சர் வேண்டாம் என்றார், சண்டை வரவில்லை. சனிக்கிழமை விரதம் என்றதுமே பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, டீச்சருக்கு வைத்ததையும் தூக்கி என் தட்டில் போட்டார். டீச்சர் இருந்த விரதத்துக்கெல்லாம் என் இடுப்புதான் சாட்சி.

காரில் திரும்பும்போது டீச்சர் அந்த இட்டிலியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். மிருதுவாக இருந்ததா, புளிப்பு இருந்ததா, சாம்பாரில் என்ன காய், எண்ணெய் மிதந்ததா. ஜாசின் தாண்டுகிற வரைக்கும் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பின் சீட்டில் கிடந்த கேள்வித்தாளில் ஒரு கேள்வி உண்டு: சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே உங்களை வேறு எதிலும் மனம் வைக்க விடாமல் செய்கிறதா? அதை அவ்வளவு அழகாகத் தமிழில் எழுதியவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சாம்பாரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டது பட்டினிக் கேள்வியில். உடம்பைக் குறைப்பதற்காகப் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டா, கடந்த நான்கு வாரத்தில் எத்தனை நாள்? கேட்ட இடத்திலெல்லாம் பெண்கள் "விரதமாம்மா?" என்று திருப்பிக் கேட்டு, விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டார்கள். உடம்பைக் குறைப்பதற்காக என்ற பாதி யார் காதிலும் ஏறவில்லை. அந்தக் கணக்குப்படி அம்மன் கோயில் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் நோயாளிகள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் வீட்டில்தான் கூடிப் பேசினோம். மேசையில் வடை இருந்தது. டீச்சர் சுலபமான வழி சொன்னார். கேள்விக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, விரதம் தவிர என்று சேர்த்துவிட வேண்டியது. விரத நாளை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டாம். இரண்டே சொல், காரியம் முடிந்தது.

ஸ்டெல்லா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்களும் பெரிய வெள்ளிக்கு ஒருசந்திதான் டீச்சர். அதுக்காக வருசம் பூரா பெரிய வெள்ளியா? எதுக்காக இருந்தீங்கன்னு தனியா ஒரு கேள்வி கேப்போம். மொத்தமா தவிர்த்துட்டா, விரதம்னு சொல்லிக்கிட்டு பட்டினி கெடக்குறவங்கள எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

டீச்சர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "சாமிக்கு இருக்குறத வியாதின்னு எழுதுவீங்களா? வெள்ளக்காரன் கேள்விக்கு நம்ம அம்மன் பதில் சொல்லணுமா?" சுவெட்டர் கைகளை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவு பக்தியா என்று நான் நினைத்தேன்.

டாக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். முன்பு ஏதோ ஒரு கூட்டத்தில் கல்ச்சரைக் கணக்கில் எடுத்தீர்களா என்று யாரோ கேட்டு அவர் மானத்தை வாங்கிவிட்டார்களாம். அதிலிருந்து சாமி என்று யாராவது வாயைத் திறந்தால் அவர் பேனாவைத் திறந்துவிடுவார். இதுதான் எனக்கு வேண்டியது, இதை வெளியே இருந்து வருகிறவர்களால் சொல்லவே முடியாது என்று டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அங்கேயே தட்டச்சு செய்தேன். ஸ்டெல்லா அக்கா ஒரு வடையை எடுத்துக் கடித்தார். டீச்சர் அவரிடமும் கேட்டார், உளுந்து சரியாக அரைபட்டிருக்கிறதா என்று.

அடைப்புக்குறி வந்த பிறகு எல்லாம் சுத்தமாயிற்று. போன இடத்திலெல்லாம் அந்தக் கேள்விக்கு சைபர். டாக்டருக்குப் பெருமை. நம் பெண்கள் இந்த நோயிலிருந்து எப்படித் தப்பித்தார்கள் என்று ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம் என்றார்.

அந்த ஆடி மாதம் டீச்சர் வெறும் பாலும் தண்ணீருமாக இருந்தார். கடைசி வெள்ளிக்கிழமை, கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள், நிற்க இடமில்லை. தீபாராதனை நேரத்தில், உறுமி மேளம் உச்சத்தில் இருந்தபோது, டீச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கண் மேலே செருகிக்கொண்டது, உடம்பு உதறியது. பஸ் ஸ்டாப்பில் விழுந்திருந்தால் யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள். விழுந்தது அம்மனுக்கு முன்னால். பெண்கள் குலவை போட்டார்கள், மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் வேப்பிலையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். டீச்சர் மெல்லக் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். ஆத்தா தண்ணீர் கேட்கிறாள் என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். ஒரு துளி வாய்க்குள் போனதா என்று யாரும் பார்க்கவில்லை. ஓர் அம்மா காலில் விழுந்து, மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று கேட்டார்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவரைத் தூக்கினேன். என் உடம்புக்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்தது. ஆனால் அவரைத் தூக்கப் பலமே தேவைப்படவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுப்பது போல வந்தார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. மயக்கம் போட்டுவிட்டார், தள்ளுங்கள் என்று கத்தினேன். சாமி வந்தவரை மயக்கம் என்று சொல்கிறாயே என்று என்னைத்தான் திட்டினார்கள்.

இதையெல்லாம் தூணோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் பாப்பா. டீச்சருக்கு ஒரே மகள், அப்போது இரண்டாம் படிவம், பதினாலு வயது. உருண்டையான பெண். டீச்சர் சாப்பிடாததெல்லாம் எங்கள் இரண்டு பேர் தட்டிலும்தானே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்னையும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊரே தன் அம்மாவின் காலில் விழுந்ததை அவள் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்கும் விரதம்.

பிறகு செவ்வாய் சேர்ந்தது, பிறகு சனி. எல்லோரும் மெச்சினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று கோயில் தலைவர் மைக்கில் சொன்னார். என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாப்பாவின் கன்னம் வற்றியது, பள்ளிச் சட்டை தோளில் தொங்கியது. வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் புதன்கிழமைகளில் வாயு வந்துவிட்டது.

டீச்சர் ஒருவர்தான் பெருமைப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மகள் பின்னாலேயே நடந்தார். ஒரு நாள் நான் போனபோது அடுக்களையில் இருவரும் இருந்தார்கள். நெய் ஊற்றிப் பிசைந்த சோறு டீச்சர் கையில் இருந்தது.

"நீ வளர்ற புள்ள. ஒனக்கு எதுக்குடா விரதம்?" கெஞ்சுகிற குரல்.

பாப்பா கோபப்படவில்லை. "ஒங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

டீச்சர் தட்டை மேடையில் வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். எனக்குத் தோசை வைத்தார், உப்பு சரியா என்று கேட்கவில்லை. நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். அந்தக் கேள்வித்தாள் சின்னப் பிள்ளைகளையும் பிடித்துக் கொடுக்குமா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்து பள்ளிப் பெண்களிடம்தான் சோதிக்கப் போகிறோம், யாருக்காவது மதிப்பெண் கூடி வந்தால் டாக்டர் அவள் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசி, ஆக வேண்டியதைப் பார்ப்பார் என்றேன். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப பாப்பாவையும் சேத்துக்கம்மா" என்றார். தன் வாயால் சொல்ல முடியாததை ஒரு தாள் வந்து சொல்லிவிடும் என்று அவர் நம்பினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த கேட்டருகே போய்விட்டது.

அந்த அடைப்புக்குறி இப்போது கேள்வித்தாளில் இல்லை. டாக்டரின் அறிக்கையில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, முன்னோட்டத்துக்குப் பின் ஒரு கேள்வியின் சொற்கள் திருத்தப்பட்டன என்று. நீக்கச் சொன்னவர் டீச்சர். டாக்டர் அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார், கல்ச்சர் போகிறதே என்று அவருக்கு வருத்தம். ஸ்டெல்லா அக்கா நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மாவையும் மகளையும் டாக்டர் சொன்ன இடத்துக்குப் பல மாதம் என் காரில்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பிறகு டீச்சருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார்கள். இப்போது எப்படி இருக்கிறார்களோ, நாள் கிழமையில் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஒரு தடவை என்றேனே, அது பள்ளிப் பெண்களிடம் சோதித்த அன்று. சனிக்கிழமைக் காலை, தாமான் மண்டபத்தில் டியூஷனுக்கு வருகிற பெண்களை, வீட்டில் கையெழுத்து வாங்கி, உட்கார வைத்திருந்தோம். கூட வந்த அம்மாக்கள் சிலர் பின்னால் இருந்தார்கள். டீச்சர் விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் மீஹூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்டிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார், சனிக்கிழமை என்பதால் சைவம். பெண்கள் எழுத எழுத, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பொட்டலமாக வைத்துக்கொண்டே வந்தார். கண் மட்டும் பாப்பா உட்கார்ந்திருந்த மேசையில் இருந்தது.

பாப்பா பட்டினிக் கேள்விக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். "அக்கா, விரதத்த சேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அப்ப எனக்கு கோசோங்தானே?"

அடைப்புக்குறியை அன்றைக்கு இன்னும் எடுக்கவில்லை, கேள்வித்தாளில் அப்படித்தான் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையை ஆட்டிக்கொண்டு சைபருக்கு ஒரு பெரிய வட்டம் போட்டாள். அதற்குக் கீழே இருந்த கேள்விகளுக்கும் அப்படியே வரிசையாகப் போட்டுக்கொண்டு போனாள். பின்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்துப் பார்த்து எழுதிய தமிழ், அவர் சண்டை போட்டு வாங்கிய அடைப்புக்குறி, அதற்குப் பக்கத்தில் மகள் போட்ட வட்டம். தாள் மகளைப் பிடிக்கவில்லை. பிடிக்காதபடி கதவைச் சாத்தியவரே இவர்தான்.

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சுவெட்டர் கையை முழங்கைவரை ஏற்றினார். அந்தக் கைகளை நான் அதுவரை பார்த்ததே இல்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பிரித்து, விரலால் மீஹூனை அள்ளி வாயில் வைத்தார். மெல்ல மெல்ல அவருக்குக் கண் கலங்கியது. விழுங்க முடியவில்லை, விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார்.

பின்னால் இருந்த ஓர் அம்மா, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்ற கரிசனத்தில், "டீச்சர், இன்னிக்கு சனிக்கிழம" என்று நினைவுபடுத்தினார்.

"தெரியும்" என்றார் டீச்சர். பிறகு மகள் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது.

"நான் ஒரு நாளும் சாமிக்காக இருந்ததில்ல பாப்பா. குண்டாயிருவேன்னு பயம். ஒன் வயசுலேருந்தே பயம். சாமிய சும்மா சாக்குக்கு வச்சிக்கிட்டேன்."

பாப்பா தான் போட்ட வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "நானும் அதுக்குத்தான் இருக்கேன்."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். அதிலிருந்து கொஞ்சமாக, ஒரு குழந்தைக்கு எடுக்கிற அளவு எடுத்து, மகளின் வாயருகே கொண்டுபோனார்.

"சரி. இனிமே ரெண்டு பேரும் சேந்தே பயப்படுவோம். ஒரு வாய் வாங்கிக்க."

பாப்பா வாயைத் திறக்கவில்லை. டீச்சர் கையை எடுக்கவுமில்லை.